போர்வைக்குள் முட்டைக்கோசு

மாபுட்ஸோ பாலத்தின் லெசோத்தோ கரையில்தான் கெனேவேயின் சுங்கச்சாவடி ஜன்னல். அக்கரை தென்னாப்பிரிக்கா. அங்கே போய் வருகிறவர்கள் என்னென்ன வாங்கினார்கள் என்று எழுதிக்கொள்வதுதான் ஆறு வருடமாக அவளுடைய வேலை. சிறு சுமைக்கு வரி கிடையாது. ஆனாலும் ஜன்னலைக் கண்டதும் ஜனங்கள் சுமையைக் கம்பளிப் போர்வைக்குள் தள்ளிவிடுவார்கள். போர்வை இல்லாமல் யாரும் வெளியே வராத ஊர்; ஒன்றுக்குள் இரண்டு கோழியும் ஒரு மூட்டை மாவும் தாராளமாக அடங்கும்.

அந்த வாரம் அக்கரைக் கடைகள் அனுப்பிய விற்பனைப் பட்டியலில் பாதிகூட அவள் ஏட்டில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார். அன்றும் இப்படியே இருந்தால் ஜன்னலை மூடி, அவளை மலைமேல் உள்ள சாவடிக்கு மாற்றிவிடுவார்கள். மகளை இப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தாள். மலையில் பள்ளி இல்லை; வெள்ளிக்கிழமை பெயரை எடுத்துவிடும்படி கணவனிடம் சொல்லி வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை, காய்கறி விற்கும் மாபலேசா பெரிய வயிற்றோடு வந்தாள்.

"எத்தனை மாசம், ம்மே?" அம்மா என்று மரியாதையாகவே கேட்டாள் கெனேவே.

"ஏழு."

"நேத்து அஞ்சுன்னீங்களே. ஏழு முட்டைக்கோசா?"

வரிசை சிரித்தது. மாபலேசா முறைத்தாள். "வரி போடத்தானே கேக்குற?"

"இல்லவே இல்ல. நாம அக்கரைக்காரங்ககிட்ட வாங்குறது ஜாஸ்தி, விக்கிறது கொஞ்சம். அதை ஈடுகட்டத்தான் நாமளும் அவங்களுமா அஞ்சு நாடு சேர்ந்து வச்சிருக்கிற பொதுச் சுங்கப் பணத்துல நமக்குப் பங்கு கூடக் கிடைக்குது. எவ்வளவு வாங்கினோம்னு பாத்துத்தான் பங்கு. நீங்க மறைச்சா அது வேற நாட்டுக்குப் போயிடும். உங்க பையன் ஸ்கூல்ல சாப்பிடுற களி அந்தப் பணத்துலதான்."

"அடிப்பாவி, ஆறு வருஷமா இதை வாயைத் தொறந்து சொன்னியா? திருடி மாதிரி தூக்கிட்டு நடந்து என் இடுப்பே போச்சு."

கெனேவே 'என்ன வாங்கினீங்க' என்று கேட்டாளே தவிர, எதற்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. மாபலேசா அதற்குள் வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். "எல்லாரும் பிரிச்சுக் காட்டுங்கடி. நம்ம பங்காம்."

வெள்ளிக்கிழமை போர்வைகள் தாமாகவே விலகின. கெனேவேக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. மாலையில் அதிகாரி மொலாபோ கடைகளின் பட்டியலையும் அவள் ஏட்டையும் வரிவரியாக ஒப்பிட்டார்.

"நாலு கோழி குறையுதே."

"வழியில பறந்திருக்கும், ந்தாதே," என்று ஐயா போட்டுச் சொன்னாள் வரிசையிலிருந்த மாபலேசா.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "ஜன்னல் இருக்கட்டும். நீயும் இரு."

கெனேவே உடனே கணவனுக்குப் போன் போட்டாள்.

"தாபிசோ, பள்ளிக்கூடத்துல பிள்ளை பேரை எடுக்கச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. வாசல்லதான் நிக்கிறேன்."

"அப்ப திரும்பி வா. பேர் அங்கேயே இருக்கட்டும்."