கிரான்பர்னில் ஒரு தேவதை அரசவை

2013 அக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு சிட்னி சென்ட்ரலில் மெல்பர்ன் ரயிலில் ஏறினேன். டிக்கெட் தொண்ணூற்றொரு டாலர், பயணம் பதினொரு மணி நேரம். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் எனக்கு அந்தப் பதினொரு மணி நேரமும் தேவைப்பட்டது. இணையத்தில் நான் எழுதிவந்த தொடர்கதையின் கடைசி அத்தியாயம் பாக்கி. மறுநாள் அதை வாசகிகள் முன்னால் படித்தாக வேண்டும்.

நான் மதுரைக்காரி. பரமட்டாவில் குடியிருந்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மிச்ச நேரத்தில் வெள்ளிவனம் என்ற தேவதை ராஜ்யத்தை ஆண்டுவந்தேன். அங்கே பிரபுக்கள், சீமாட்டிகள், நடன விருந்து எல்லாம் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்று: அரசவையின் வெள்ளித் தட்டிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டாலும் அந்த மனிதர் அங்கேயே இருந்துவிட வேண்டும். என் கதாநாயகி மதுரா, தையல்காரி. அவளை விரும்பும் பிரபு நீட்டிய தட்டையே நாற்பது வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசகிகள் பொறுமை இழந்துவிட்டார்கள். ரயில் வாகா வாகா ஊரைத் தாண்டும்போது முடிவு செய்தேன். தட்டை ஒதுக்கிவிட்டு மதுரா தன் வீட்டுக்குத் திரும்புகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

மாலை ஆறரைக்கு மெல்பர்ன். வனிதா அக்கா காரோடு காத்திருந்தார். கிரான்பர்னில் என் கதையைக் கூடிப் படிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. நாற்பத்தைந்து கிலோமீட்டர் போவதற்குள் வீட்டு விஷயம் முழுவதும் சொல்லிவிட்டார். அவருடைய தங்கை தர்சினி முதியோர் இல்லத்தில் நர்ஸ். கஜன் என்பவரை விரும்புகிறாள். அவர் அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசா, கீரைத் தோட்டத்தில் வேலை. அவர்கள் அம்மாவுக்கு மனம் இல்லை. நாளைக்கு இந்த நாட்டில் இருப்பாரோ தெரியாதவருக்குப் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்பது அவர் கேள்வி. நாளைக்கு என் கதையில் வருவதுபோலவே வேடம் கட்டி அவர்கள் நடத்தும் அரசவை விருந்துக்குக் கஜனும் வருகிறார். இந்த முறை அரசி தர்சினிதான். எல்லார் முன்னாலும் அவரிடம் தட்டை நீட்டப் போகிறாள்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி. கொல்லையில் துணி காயப்போடும் சுழல்கம்பியில் பட்டுச் சேலைகளைத் தொங்கவிட்டு, உச்சியில் மின்விளக்குச் சரம் சுற்றியிருந்தார்கள். அதுதான் அரசவை. காஞ்சிபுரம் கட்டி, முதுகில் வலைத்துணி இறக்கை மாட்டிய பன்னிரண்டு சீமாட்டிகள் இறக்கை இடிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிய ராஜ்யத்தைவிட இது அழகாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கஜன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஓரமாக நின்றார். கதையில் ஒரு வரியும் படித்தவரில்லை. தர்சினி கிரீடத்தோடு நடந்து வந்து, மீன் அடைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் அடுக்கிய வெள்ளித் தட்டை நீட்டினாள்.

"இல்லை, வேண்டாம். நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்றார் கஜன்.

தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு தர்சினி சமையலறைக்குள் போய்விட்டாள். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் அந்த மனுஷன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பாழாய்ப்போன சட்டத்தை எழுதிய என் கையை நானே திட்டிக்கொண்டேன்.

நாற்காலியில் இருந்த அம்மா எழுந்து, மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"ஒருக்காக் கேட்டவுடனே ஆர் வாங்குவினம்? வளர்ப்புள்ள பெடியன். இன்னொருக்காக் கேள்."

தர்சினி கேட்டாள். பழக்கதோஷம், கஜன் மறுபடியும் "பரவாயில்லை" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அம்மா மகளின் கையோடு தன் கையையும் தட்டில் வைத்தார்.

"தம்பி, இதைச் சாப்பிட்டா எங்களோடதான் இருக்கவேணுமாம். யோசிச்சு எடும்."

கஜன் தர்சினியைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"இருக்கத்தானே அன்ரி வந்தனான்."

ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். அப்போது எழுந்த கைதட்டலில் இரண்டு பேருடைய இறக்கை கழன்று விழுந்தது. கஜன் ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டார். பாவம், காலையிலிருந்து பட்டினியாம். அம்மா அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசி அத்தியாயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஞாயிறு காலை சிட்னி ரயில். மடியில் தர்சினியின் அம்மா கட்டிக்கொடுத்த இடியப்பமும் சம்பலும். நான் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மதுரையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போன இடத்தில் கேட்டவுடன் கை நீட்டினால் கூட்டிப்போனவர் தொடையில் கிள்ளுவார். இவ்வளவு தெரிந்த நான் நாற்பது வாரமாக என்ன எழுதிக்கொண்டிருந்தேன்? ஆல்பரி தாண்டியதும் நோட்டைத் திறந்தேன். மதுரா தட்டை ஒதுக்கியது சரிதான், அந்த இடத்தை மாற்றவில்லை. ஆனால் என் பிரபு அவளை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார். வாசல்வரை போனவளின் பின்னால் அவரை ஓடவிட்டேன், தட்டோடு, இன்னும் இரண்டு முறை கேட்பதற்கு.