பிடி அரிசி டப்பா

போர் தொடங்கிய ஒன்பதாம் நாள். வெளிநாட்டில் எங்கள் மருத்துவக் கல்லூரி விடுதியின் நிலவறையில் ஐந்து பெண்கள் பட்டினி கிடந்தோம். மேலே குண்டுச் சத்தம். எல்லைக்குக் கொண்டுபோகும் பஸ் வரும், வரும் என்றார்கள், வரவில்லை. எனக்கு இருபது வயது. சாகப்போகிறோம் என்றே நினைத்தேன்.

எங்கள் ஊர் மட்டாஞ்சேரியில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியைச் சபைக் காணிக்கைக்கென்று டப்பாவில் போடுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. விடுதியிலும் ஒரு டப்பா வைத்திருந்தேன். என் அறைத்தோழி, பக்கத்து ஊரான பள்ளுருத்திக்காரி ஷீபா, கேலி செய்யாத நாளில்லை. "எடீ, இங்க நம்ம சபையும் இல்ல, பாஸ்டரும் இல்ல. ஆருக்கு எடுத்து வைக்கிற?" என்பாள். அந்தச் சமையலறையும் சிரிப்பும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

நிலவறைக்கும் தூக்கி வந்திருந்த அந்த டப்பாவை அந்த ஒன்பதாம் நாள் அதே ஷீபா கேட்டாள். நான் கொடுக்கவில்லை. காணிக்கையில் கைவைப்பதா? பிடித்த பிடியை விடாதவள் நான். பஸ்ஸை அனுப்பும் ஆண்டவரே என்று முழங்காலிட்டு அழுதேன். பஸ் வரவில்லை. அம்மாவின் போன்தான் வந்தது. டப்பா விஷயத்தைச் சொன்னேன்.

"ஆண்டவருக்குப் பசிக்காது மோளே. பசிக்கிற பிள்ளைகளுக்குக் கஞ்சி வை."

மூன்று நாள் அந்தக் கஞ்சிதான் எங்கள் உயிரைப் பிடித்து வைத்தது. அந்த நாட்டுக்காரரான விடுதி வார்டனும் எங்களோடு குடித்தார். அவருடைய ஒரே மகன், எங்கள் வயதுக்காரன், போர்முனையில் இருந்தான். அவனுக்காகவும் ஜெபித்தோம். பிடி அரிசி என்றால் என்னவென்று அவர் மொழியில் திக்கித் திணறிச் சொன்னேன்.

நான்காம் நாள் பஸ் வந்தது. ஏறும்போது வார்டன் டப்பாவை என் கையில் திணித்தார். திறந்தால், அவர்கள் ஊர்த் தானியம், ஒரே ஒரு பிடி. பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன்.

படிப்பு அங்கேயே நின்றது. டாக்டராகப் போனவள் இன்று எர்ணாகுளத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஷீபா துபாயில். பழைய குறும்பெல்லாம் அவளிடம் இல்லை. அவளும் அங்கே ஒரு டப்பா வைத்திருக்கிறாளாம்.

அன்பானவர்களே, நான் பஸ் கேட்டேன். ஆண்டவரோ அதற்கு வெகு முன்பே, என் கையாலேயே எங்கள் கஞ்சியைச் சேர்த்து வைத்திருந்தார். அவரை நம்பி நீங்களும் ஒரு பிடி எடுத்து வையுங்கள். நான் இப்போது இரண்டு பிடி போடுகிறேன். ஒன்று சபைக்கு. இன்னொன்று அந்த மகன் வீடு திரும்ப. வார்டனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், இன்னும் யாரும் எடுக்கவில்லை.