போனில் கேட்ட ‘ம்’

என் மகள் பெரிய பயணப் பை எங்கே என்று கேட்ட சனிக்கிழமை காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியின் கடல் பார்த்த பக்கம். அந்தப் பையை வெளியூர்க் கல்யாணங்களுக்கு மட்டுமே எடுப்போம். அப்போது எந்தக் கல்யாணமும் இல்லை.

“எதுக்கு?” என்றேன்.

“திருகோணமலைக்குத்தான்மா. அப்பா சொல்லலையா?”

கையில் இருந்த ஈரச் சட்டையை மறுபடியும் வாளியில் போட்டேன்.

மகளின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவின் மறுகோடியில், தெலுக் பஹாங்கில், ஓர் ஆய்வுக் குழுவோடு வேலை செய்கிறாள். படகில் போய், தண்ணீருக்குள் மைக் ஒன்றை இறக்கி, டால்பின்கள் எழுப்பும் ஒலியைப் பதிவு செய்வார்கள். வார நாட்களில் அங்கேயே வாடகை அறையில் தங்குவாள், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். இப்போது திருகோணமலையில் இருந்து கிளம்பும் ஒரு கப்பலில், திமிங்கலங்களின் ஒலியைப் பதிவு செய்ய ஓர் ஆண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் வாயில் திமிங்கலம்தான். எனவே கூப்பிட்டது ஆச்சரியமில்லை. எனக்குத் தெரியாமல் நடந்ததுதான் ஆச்சரியம்.

“போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன்மா. சரின்னாரு. அதுக்கப்புறம்தான் அவங்ககிட்ட வர்றேன்னு சொன்னேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தண்ணீர்மலைக் கோயிலில் இருப்பேன். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கூடத்தில் என் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நேரே அவர் முன்னால் போய் நின்று கேட்டேன்.

“எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல,” என்றார்.

“அப்பா! அவ்வளவு நேரம் பேசினேனே!”

“வேலையப் பத்தி என்னமோ பேசுன. திருகோணமலைன்னு ஒரு வார்த்தை வரல லா.” பேப்பரை நாலாக மடித்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மகளின் முகம் சுருங்கிவிட்டது. “மாசக் கடைசிக்குள்ள டிக்கெட் போடணும். அப்பாவுக்கு இஷ்டமில்லன்னா சொல்லட்டும். நான் வரலன்னு சொல்லிடறேன். அவருக்குத் தெரியாம நான் போகமாட்டேன்,” என்றாள்.

வீட்டில் மூன்று பேர். அதில் ஒருவர் பொய் சொல்கிறார், அது நான் இல்லை. நான் ஒரு கிளினிக்கில் பதிவு கவுண்டரில் வேலை பார்ப்பவள். வெறும் வயிற்றோடுதான் ரத்தப் பரிசோதனைக்கு வந்தேன் என்பவரின் சட்டையில் ரோட்டி சானாய் வாசனை வருவதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் இந்த இருவரையும் பார்த்து யார் என்று சொல்ல முடியவில்லை. மகள் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அவரும்தான்.

அவர் குளிக்கப் போனபோது அவருடைய கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மகளிடமிருந்து அழைப்பு வந்திருந்தது. சின்னப் பேச்சு இல்லை, நீண்ட பேச்சுதான். அப்படியானால் அவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள், விஷயம் வெளியே வந்ததும் இவர் கழன்றுகொள்கிறார் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம்தான் கூடியது. போன் அடித்தால் எடுக்காமல் என்னிடம் நீட்டினார். கடையில் சாப்பிடப் போனால் மூலை மேசையாகப் பார்த்து, சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். குழம்பில் உப்பு போதவில்லை என்றால் முன்பெல்லாம் ஒரு பாட்டு வரும். இப்போது நான் எதைச் சொன்னாலும் ‘ம்’. சொல்லி முடித்த உடனே, சரியான இடத்தில் வரும் ‘ம்’. எனக்கு அது சமாதானமாகத் தெரியவில்லை. மனதில் எதையோ வைத்துக்கொண்டிருக்கிற ஆள் போடுகிற ‘ம்’ ஆகத்தான் தெரிந்தது.

கீழ்மாடிப் பெண் ஒருநாள் மின்தூக்கியில் கேட்டாள். “அக்கா, வீட்ல ஏதும் பிரச்சனையா?”

“ஏன்?”

“இல்ல, உங்க சத்தம் மட்டும் வருது. அண்ணே சத்தமே காணோம். அதான்.”

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இவள் எங்கள் வீட்டைக் காது வைத்துக் கேட்கிறாள் என்று அவள்மீதும் ஒரு சந்தேகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், மகள் மடிக்கணினியைத் திறந்தாள். அப்பாவை எப்படியாவது தன் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். திருகோணமலைக் குழுவினர் அனுப்பிய பதிவுகள் இருந்தன.

“கடலுக்கு அடியில வெளிச்சம் கொஞ்ச தூரம்தான்பா போகும். ஆனா சத்தம் காத்துல போறதவிட வேகமா, ரொம்ப தூரம் போகும். அதனால திமிங்கலத்துக்குக் கண்ணவிடக் காதுதான் முக்கியம். குட்டியக் கூப்பிடறது, கூட்டத்தத் தேடறது, எல்லாம் சத்தத்துலதான்.”

ஒரு பதிவை ஓடவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வருவது போல ஓர் ஒலி. நீண்டு, ஏறி, இறங்கி ஓய்ந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பழைய ஃபெரி கிளம்பறப்ப ஒரு ஹார்ன் அடிப்பானே, அந்த மாதிரி,” என்றார். அந்த ஒரு வாரத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். மகள் சிரித்துவிட்டாள்.

“இப்ப நான் எடுத்தது. நம்ம பினாங்கு டால்பின்.”

அடுத்த பதிவு ஓடியது. முதலில் கடுகு வெடிப்பது போல ஒரு படபடப்பு. அது ஒரு வகை இறால் எழுப்பும் ஒலி என்றாள். அதற்கு மேல் மெல்லிய விசில்கள், ஒன்று கூப்பிட மற்றொன்று பதில் சொல்வது போல. விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் விசில் ஊதுவது மாதிரி இருந்தது. எனக்கே பிடித்துவிட்டது. முடிந்ததும் மகள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் திரையைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார். “ம். போடு பாப்பா,” என்றார்.

“எதப்பா?”

“டால்பினத்தான். எப்பப் போடுவ?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். நடிக்கிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மகள் அதே பதிவை மறுபடியும் ஓடவிட்டாள், ஒலியைக் கூட்டினாள். விசில் எனக்குக் காதைக் குத்தியது. அவர் முகத்தில் அசைவே இல்லை.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன்: “ஈப்போவுல இருந்து உங்க தங்கச்சி வந்திருக்கா. வாசல்ல நிக்கிறா.”

“ம்,” என்றார்.

“கையில ஒரு திமிங்கலத்தோட நிக்கிறா.”

“ம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் திரும்பி, “என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி பாக்கறீங்க?” என்றார்.

அடுப்படியில் மகள் மெதுவாகச் சொன்னாள். “அன்னைக்குப் போன்லயும் இதாம்மா. நான் நிறுத்துன இடத்துலயெல்லாம் ‘ம்’னாரு. கடைசியில ‘போகட்டுமாப்பா’ன்னு கேட்டேன். அதுக்கும் ‘ம்’னாரு. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.” பிறகு, “ஒரு டால்பின் விசிலடிக்கும், நிறுத்தும், இன்னொன்னு அடிக்கும். பதில் வந்திருக்குன்னு எழுதுவோம். என்ன பதில்னு எழுத மாட்டோம், ஏன்னா தெரியாது. வேலையில அவ்வளவு ஜாக்கிரதையா இருக்கேன், அப்பாகிட்ட இல்ல,” என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். தொலைக்காட்சியின் ஒலியை அவர் கூட்டியதே இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிபடவில்லை. இங்கே தமிழ்ப் படத்துக்குக் கீழேயும் மலாய் எழுத்து ஓடும். இத்தனை நாளும் அவர் படம் பார்க்கவில்லை, படித்திருக்கிறார். முப்பது வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உலோகத் தகடு அடிக்கிற இயந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்தவர். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கப்பல் இரைச்சல் அதிகமாக இருக்கிற கடலில் திமிங்கலங்கள் தங்கள் குரலைக் கூட்டிக்கொள்ளும் என்று மகள் எப்போதோ சொல்லியிருக்கிறாள். கீழ்மாடிப் பெண் கேட்டது சும்மா இல்லை.

அவரிடம் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. “எனக்கு நல்லாதான் கேக்குது. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க.”

“அப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துரலாம்,” என்றேன்.

“பண்ணு. நான் பயப்படல.”

“பாஸானா?”

“பாஸானா எனக்குக் காது கேக்கும், இவ சொல்லலன்னு ஒத்துக்கணும்.”

மகளின் முகம் வாடியது. அவளுக்குத் தேவைப்பட்டது தீர்ப்பு அல்ல, சம்மதம்.

செவிப் பரிசோதனை நிலையத்தில் ஒரு சின்னக் கண்ணாடி அறை. சோதிக்கிற சீனப் பெண், மகள் வயதுதான் இருக்கும். அவர் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, ஒலி கேட்டதும் அழுத்துங்கள் என்று மலாயில் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் நாற்காலியில்.

எங்களுக்கு ஒன்றும் கேட்காது. அவருடைய கட்டைவிரலை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அது தயங்காமல் அழுத்திக்கொண்டிருந்தது.

“நல்லாத்தானேம்மா அழுத்தறாரு,” என்றாள் மகள். அவள் குரலில் நிம்மதியும் இருந்தது, பயமும் இருந்தது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒலிக்குக் காது கொடுக்கிறவர் பொதுவாகக் கண்ணை மூடிக்கொள்வார், அல்லது தரையைப் பார்ப்பார். கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். இவர் நேராக எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நான் எழுந்து, அவர் பார்வை போகிற இடத்துக்கு நகர்ந்தேன். சோதிக்கிற பெண்ணின் கை. அவள் விரல் ஒவ்வொரு முறை பொத்தானைத் தட்டும்போதும் இவர் கட்டைவிரலும் தட்டியது.

நாங்கள் வாயை மூடியதும் வந்த ‘ம்’ இதேதான்.

நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், உடனே எழுந்து போய்த் திருப்பினாள். மன்னிப்பும் கேட்டாள். அவர் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்து, “போலீஸ்காரி,” என்றார்.

“உக்காருங்க,” என்றேன்.

கதவு மறுபடியும் சாத்தப்பட்டது. அந்தப் பெண்ணின் விரல் தட்டியது. அவருடைய கட்டைவிரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. மறுபடியும் தட்டியது. சும்மாவே கிடந்தது. எப்போதாவது ஒருமுறை அழுத்தினார். பின்னால் இருந்து பார்க்க அவருடைய காதுகள் இரண்டும் பெரிதாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. மகள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

தாளில் வரைந்த கோடு ஒரு பக்கம் சமமாக வந்து, மறுபக்கம் சரிந்து விழுந்தது. கனத்த ஒலிகள் பெரும்பாலும் கேட்கின்றன, மெல்லிய உயர்ந்த ஒலிகள் போய்விட்டன என்றாள் அந்தப் பெண். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று பிரியாது. முகம் தெரிந்தால் சமாளிப்பார், போனில் முடியாது.

“எவ்வளவு நாளா தெரியும்?” என்று அவரிடம் கேட்டேன்.

“கொஞ்ச நாளாவே,” என்றார். “என்ன, என்னன்னு கேட்டா நீ எரிஞ்சு விழற. ‘ம்’ன்னா போயிடற.”

“அப்ப சொன்னதெல்லாம் பொய்.”

“பொய் இல்ல. பாப்பா திருகோணமலைன்னு சொன்னது எனக்கு நிஜமாவே கேக்கல. காது கேக்கலன்னு சொல்லல, அவ்வளவுதான்.”

நான் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

போட்டுப் பார்க்க இரண்டு கருவிகளை அந்தப் பெண் அவர் காதில் பொருத்தினாள். அவர் முகத்தைச் சுளித்தார். ஏர்கோன் இவ்வளவு சத்தமா என்றார். மகள் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்பா. திருகோணமலைக்கு ஒரு வருஷம் கப்பல்ல வேலைக்குக் கூப்பிடறாங்க. போகட்டுமா?”

அவர் திரும்பவில்லை. நான் அவர் முகத்துக்கு நேராக நின்றிருந்தேன். என் வாயிலிருந்து எதையும் படித்துவிடக் கூடாது என்று உதட்டை இறுக்க மூடிக்கொண்டேன்.

“கப்பல்ல பொம்பளைங்க எத்தனை பேரு?” என்றார்.

“நாலு பேருப்பா. என்னோட அஞ்சு.”

“சமையல் யாரு?”

“மாத்தி மாத்தி நாங்கதான்.”

“அப்ப ஒரு வருஷம் பட்டினி.” திரும்பாமலே சொன்னார். பிறகு, “நான் அன்னைக்கே கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றார். மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். “இவ்வளவு தூரம் வந்துட்ட. போயிட்டு வா. போன்ல பேசறப்ப மூஞ்சிய மட்டும் காட்டு.”

மகள் அவர் தோளில் கையை வைத்தாள். உடனே போனை எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

அவள் பேச ஆரம்பித்தாள், திருகோணமலைக் குழுவோடுதான் இருக்க வேண்டும். மனதை மாற்றிக்கொள்கிறாளோ என்று எனக்குள் ஒரு சின்னப் பயம்.

“என்ன பேசறா, கேக்குதா?” என்று அவரிடம் கேட்டேன்.

“கதவு சாத்தியிருக்கு. உனக்குக் கேக்குதா?”

“இல்ல.”

இருவரும் கண்ணாடி வழியாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“‘யெஸ்’னு சொல்லிட்டா,” என்றார் அவர், நான் சொல்வதற்கு முன்பே.