காரம் ஆகாத வீடு

என் மனைவிக்குப் பதினாறாம் நாள் படையல் போட வேண்டும். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் அப்பாவுக்குச் சுருட்டு வைத்தோம். அதற்கு முந்தின நாள் காலையில் மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள்.

“அம்மாவுக்கு இன்னா புடிக்கும்? சொல்லுங்க, சாமான் வாங்கணும்.”

“கேசரி,” என்றான் மகன்.

“அது உனக்குடா. அம்மா வாயில வெச்சி நீ பாத்துருக்கியா?”

மருமகள் எலுமிச்சை சாதம் என்றாள். அதுவும் மருமகளுக்குப் பிடித்தது. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காரம் போடாத பருப்புக் குழம்பு என்றேன்.

“அது உன் வயித்துப் புண்ணுக்கு வெச்ச கொழம்புபா. அம்மாவுக்கு இன்னா புடிக்கும்?”

தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினோம். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததில்லை. நாங்கள் கை கழுவிய பிறகுதான் அவள் சட்டியோடு உட்காருவாள். நான் அப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருப்பேன்.

உட்கார முடியவில்லை. மாட்டை அவிழ்த்து வேறு முளையில் கட்டினேன். திரும்பப் பழைய முளையிலேயே கட்டினேன். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நைனார்பாளையத்தில் அவள் தங்கை இருக்கிறாள். உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னா மாமா, நாளைக்குக் கருமாதிய வெச்சிக்கினு இங்க வந்து நிக்கற?”

அவள் அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன்.

“நல்லா கேட்ட போ. புள்ள பெத்துக்கத் தெரிஞ்சிது, இது தெரில.”

முறத்தை ஓரமாகத் தள்ளினாள்.

“காரம் மாமா. அக்காவுக்குக் காரம்னா உசுரு. எங்க அம்மா வூட்டுல பச்ச மொளகாய அப்படியே கடிச்சிக்குவா. வருசா வருசம் கரியாலூருக்குச் சாமை வாங்கப் போவமே, அங்க மொளகா பஜ்ஜி துன்னத்தான் என்னையும் இஸ்துக்கினு போவா. சாமை சும்மா ஒரு சாக்கு.”

“வூட்டுல ஒரு நாளும் செய்யலியே.”

“உனக்கு ஆவாது. உனக்கு ஒரு கொழம்பு, அவளுக்கு ஒரு கொழம்புன்னு வெச்சிக்கினு இருப்பாளா?”

அந்தச் சாமையிலும் கஞ்சி காய்ச்சி எனக்குத்தான் கொடுத்தாள். வயிற்றுக்கு நல்லது என்பாள்.

காப்பி குடித்துவிட்டுப் போ என்றாள் தங்கை. குடிக்கவில்லை. சின்னசேலம் வந்து, கச்சிராயபாளையம் போய், கரியாலூர் மலைக்குப் பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று தெரியவில்லை. பஜ்ஜி எங்கேயும் கிடைக்கும். பஸ்ஸில் சீட்டு மாறி மாறி உட்கார்ந்தேன்.

“யோவ் பெருசு, ஒரு எடத்துல குந்துய்யா,” என்றார் கண்டக்டர்.

கரியாலூரில் பஸ் நிற்கும் இடத்திலேயே பஜ்ஜிக் கடை இருந்தது. எண்ணெய்ச் சட்டி முன்னால் ஒரு அம்மா. இறப்புச் சான்றிதழ் வேலைக்காக மனைவியின் ஆதார் கார்டு என் சட்டைப் பையிலேயே கிடந்தது. எடுத்துக் காட்டினேன்.

“இந்த அக்காவா! தங்கச்சியோட வருவாங்க. நாலு துன்னுவாங்க. கண்ணுல தண்ணியா ஊத்தும், சொம்ப நீட்டுனா வாங்க மாட்டாங்க, சிரிப்பாங்க. வூட்டுக்குக் கட்டிக் குடுக்கவான்னா, வாணாம், எங்க வூட்டுல காரம் ஆவாதும்பாங்க. இந்த வருசம் வர்லியா?”

“வர்ல,” என்றேன்.

எந்த மிளகாய் என்று கேட்டுக்கொண்டேன். நீட்டு மிளகாய். விதையை எடுக்கக் கூடாதாம். இன்னும் ஏதோ கேட்க இருந்தது. கீழே இறங்கும் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் விதை எடுக்காமலே பஜ்ஜி போடச் சொன்னேன். மருமகள் இருமிக்கொண்டே போட்டாள். மகன் விடாமல் கேசரியும் வைத்தான். வந்த உறவெல்லாம் இலையைப் பார்த்தது.

“இன்னாடா, கருமாதிக்கு டீக்கடை போட்டுட்டியா?” என்றார் என் அண்ணன்.

கற்பூரம் காட்டினோம். காக்கைக்கு வைத்தோம். அது வடையைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு படையல் இலையை வீட்டார் பிரித்துச் சாப்பிட வேண்டும். நான் ஒரு பஜ்ஜியை எடுத்தேன்.

“பா, உனக்கு ஆவாது. வெச்சிடு,” என்றாள் மகள்.

கடித்தேன். இரண்டாவது கடியில் விதை சிக்கியது. காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பி, “ஏய், தண்ணி கொண்டா,” என்றேன்.

முப்பது வருடப் பழக்கம்.

நானே எழுந்து போய் மொண்டு குடித்தேன்.