காப்புக் கட்டின நாளில் பால்சுறா

காட்டூர் மணியம்மாளுக்குக் கோபம் வர ஒரு காரணம் போதும். அன்றைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தது. மகள் திரௌபதி பிள்ளை பெற்றுப் பத்து நாளாகியும் பால் சரியாக ஊறவில்லை. பேரன் மார்பைச் சப்பிவிட்டு வீறிட்டு அழுவான். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துப் பிழிந்தால் துப்புவான். பால்சுறாவைப் புட்டு செய்து கொடுத்தால் பால் சுரக்கும் என்பது பழவேற்காடு ஏரிக்கரை முழுக்கத் தெரிந்த வைத்தியம். அந்தச் சுறாதான் கிடைத்தபாடில்லை.

விடியுமுன், மீனுக்கு மாற்றாகக் கொடுக்க நெல்லை முந்தானையில் முடிந்துகொண்டு பழவேற்காட்டுக்கு நடந்தாள். கரையில் வலை காய்ந்தது, ஆளைக் காணோம். ஒல்லாந்தர் கப்பல் வந்திருந்தது. படகெல்லாம் துணிப் பொதி ஏற்றப் போய்விட்டன.

"கப்பலு போற வரைக்கும் மீனு ஏதுக்கா? ஏரி மீனு மடவைதான் கீது, எட்த்துக்கினு போ" என்றாள் மீன்காரி முனியம்மாள்.

"மடவையத் துன்னா பால் வருமா? சுறா இல்லாம ஊட்டுக்குப் போவமாட்டேன்" என்று மணியம்மாள் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் ஏறியபின் ஒரு கட்டுமரம் ஒதுங்கியது. முழ நீளத்தில் இரண்டு பால்சுறா. வயிற்றை அமுக்கினாள், முகர்ந்தாள். சுறா கெடத் தொடங்கினால் மூத்திர வாடை அடிக்கும். இதில் கடல் வாடைதான் இருந்தது. நெல்லைக் கொட்டிவிட்டு, மீனை ஈர வைக்கோலில் சுற்றி ஓலைக்கூடையில் வைத்து, கண்ட குட்டையிலெல்லாம் நனைத்து நனைத்து ஓடிவந்தாள்.

ஊர் எல்லையிலேயே பம்பைச் சத்தம் கேட்டது. எதிரே அவள் கணவர் வேதாசலம் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு நின்றார். அம்மன் திருவிழாவுக்குச் சாயங்காலம்தான் காப்பு என்று முந்தின நாள் சொன்ன அதே மனிதர்! காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊருக்குள் மீன் நுழையக் கூடாது, தாளிக்கவும் கூடாது. காப்புக் கட்டினவர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"பூசாரி சீக்கிரமே கட்டிட்டாரு. நான் இன்னா மே பண்றது?"

"ஏய்யா, மொதக் கைய நீதான் நீட்டணுமா? கொயந்த பாலுக்குக் கத்துது, உனுக்குக் காப்பு அவசரமா?"

"அம்மன் கோச்சிக்கும் மே."

அம்மன் பயம் அவளுக்கும் உண்டு. அதற்காக இந்த மீனை நாய்க்குப் போடுவாளா? எல்லைக் கல்லுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் மூன்று கல்லை வைத்தாள். "எல்லக் கல்லு வரைக்கும் நடக்கலாம் இல்ல? போய்ச் சட்டி, வெறகு, எண்ண எல்லாம் கொண்டா" என்று கணவரை விரட்டினாள்.

ஒரு சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரித்து, உதிர்த்து, நல்லெண்ணெயில் பூண்டும் வெங்காயமும் மிளகும் சேர்த்துக் கிளறினாள். மற்றதைக் கழுவி உப்பும் மஞ்சளும் தடவிச் சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி ஈர மணலில் புதைத்தாள்.

திரௌபதி பிள்ளையோடு எல்லை தாண்டி வந்து தின்றாள். தாயும் மகளும் குளத்தில் முழுகிவிட்டு ஊருக்குள் போனார்கள். பால் வரவில்லை. அன்றிரவும் பிள்ளை கத்தினான். இத்தனை அலைச்சலும் வீண்தானா என்று மணியம்மாள் அழுதேவிட்டாள்.

மறுநாள் மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் மணலைத் தோண்டினாள். வால் பக்கம் வாடை மாறியிருந்தது. எரிச்சலோடு அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புட்டாக்கினாள். திரௌபதி ஒரு வாய் விடாமல் தின்றுவிட்டுப் பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்தாள்.

பிள்ளை சப்பினான். இந்த முறை அழவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது. திரௌபதி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லைக் கல்லைத் தாண்டி வந்து பார்க்க முடியாமல் வேதாசலம் ஊர்ப்பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா மே, பால் வருதா?"

மணியம்மாள் சட்டியை வழித்தாள்.

"வருதா இல்லியா, சொல்லேன் மே!"

நேற்றிலிருந்து தான் பட்ட தவிப்பில் அவரும் கொஞ்சம் படட்டும் என்று அவள் வாயைத் திறக்கவேயில்லை.