அடுப்புக்கு மேலே தொங்கிய முதல்

ஐம்பதுகளில், கொடைக்கானல் மலையிலுள்ள போளூரில் எங்கள் அடுப்புக்கு மேலே, புகை படும்படி விதைப்பூண்டைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அதற்கு 'முதல்' என்று பேர். பணத்தை முதல் என்பதே விதையிலிருந்து வந்த பேச்சுதான் என்பார் அப்பா. பூண்டு விற்ற நோட்டுகளையும் அந்தக் கொத்துக்குள்தான் செருகி வைத்திருந்தார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி மாமா கெஞ்சினார்.

"முதல எடுத்துத் தின்னுட்டு அடுத்த வெள்ளாமைக்கு என்னத்த வெதைக்க, மாப்ளே?" என்றார் அப்பா.

பூண்டு முளைக்கும், நோட்டு முளைக்குமா? அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. அம்மா அந்தக் கொத்தைப் பார்த்தபடியே கிடந்து செத்தாள்.

கருமாதிச் சோற்றுக்குத்தான் அப்பா அதை அவிழ்த்தார். குறை வைக்காமல் செய்துவிட்டார் என்று, தின்ற வாயெல்லாம் மெச்சியது.