விட்டுப்போன எட்டு மணி நேரம்

18 மார்ச் 1988: 41 அட்டை, தலா 50, மொத்தம் 2,050.
29 மார்ச் 2006: 163 அட்டை, தலா 300, மொத்தம் 48,900.
8 ஏப்ரல் 2024: 212 அட்டை, தலா 1,500, மொத்தம் 3,18,000.

மூன்று சூரிய கிரகணம், மூன்று வசூல். கிரகண சோசியரின் வாழ்க்கையை இந்த மூன்று வரியிலேயே சொல்லி முடித்துவிடலாம். இடைப்பட்ட வருடங்களில் அவர் சாப்பிட்டார், தூங்கினார், ஞாயிறுதோறும் வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் ராசி பலன் எழுதினார்.

அட்டை என்பது உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் காகிதம். அதில் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எண். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தி உட்கார்ந்துவிட வேண்டும். ராகு வந்து பார்த்துவிட்டு, அட்டை இருக்கிறதே என்று போய்விடுவார் போலிருக்கிறது. அச்சுச் செலவு ஒன்றுக்கு இரண்டு காசு. 2024இல் அந்தச் செலவும் மிச்சம். படத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார்.

அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு கிரகணச் சுழற்சி. சூரியன், சந்திரன், ராகு மூன்றும் பதினெட்டு வருடம் பதினோரு நாளுக்கு ஒரு முறை பழைய நிலைக்குத் திரும்பும். பழைய கிரகணம் மறுபடி வரும். நடுவில் லீப் வருடம் ஒன்று கூடினால் பதினோரு நாள் பத்தாகும். இதுவரைக்கும் சரி. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு வால் உண்டு: எட்டு மணி நேரம். அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடுவதால், நம் தலைக்கு மேல் பிடித்த கிரகணம் அடுத்த முறை வேறு யார் தலைக்கு மேலோ பிடிக்கும். அந்த வாலைத்தான் சோசியர் விட்டுவிட்டார். அவருக்கு அது சில்லறை.

1988இல் கிரகணம் ஊரில் நன்றாகவே தெரிந்தது. காலை ஒன்பதரைக்கு வெயில் மங்கியது. உத்திரட்டாதி நட்சத்திரத்தில் ராகு பிடித்த கிரகணம். சோசியர் எழுதிய நேரத்துக்கே பிடித்ததால், அன்றிலிருந்து அவருக்குக் கிரகண சோசியர் என்று பெயர். மகளுக்கு அப்போது ஏழு வயது.

2006இல் பத்திரிகைக்காரர்கள் கட்டுரை கேட்டார்கள். சோசியர் பரணில் இருந்து 1988ஆம் வருடத்துத் தாளை எடுத்தார், தூசி தட்டினார், தேதியை மட்டும் மாற்றி அனுப்பினார். காலை ஒன்பதரை அப்படியே போனது. "உத்திரட்டாதியில் பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குச் சுபகாரியம் எதுவும் செய்யலாகாது, செய்தால் தம்பதியர் பிரிவர்" என்ற வரியும் அப்படியே போனது. மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை அச்சாகி வந்தது.

மகளுக்கு இருபத்தைந்து வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஏப்ரல் 9 அன்று கல்யாணம். மாப்பிள்ளை குளிர்சாதன மெக்கானிக். இருபதாம் தேதிக்குள் வெளிநாட்டு வேலையில் சேர வேண்டும். கல்யாணச் சான்றிதழ் இருந்தால்தான் மனைவிக்கும் விசா. கல்யாணம் தள்ளினால் அவன் தனியாகப் போவான். இவள் இங்கேயே இருப்பாள். மகளின் நட்சத்திரம் உத்திரட்டாதி. அதை எழுதியவர் மறந்துவிட்டார். ஆனால் படித்தவர்கள் மறக்கவில்லை.

மறுநாளே மாப்பிள்ளையின் அப்பா வந்தார். மருந்துக்கடைக்காரர், இருபது வருடமாகச் சோசியரின் அரைப்பக்கத்தை வெட்டிக் கோப்பில் சேர்ப்பவர்.

"சம்மந்தி, உங்க எழுத்தைத் தட்டிட்டு நான் எதுவும் செஞ்சதில்ல. கடையைக்கூட நீங்க சொன்ன நாள்லதான் திறந்தேன். கல்யாணத்தை அக்டோபருக்குத் தள்ளிடுவோம்."

சோசியர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அது பொதுப் பலன் சம்மந்தி. நம்ம வீட்டுக்கு இல்ல."

"நம்ம வீட்டுப் பொண்ணு பொதுவுல சேர்த்தி இல்லையா?"

"பிறந்த நேரத்தைக் குறிச்சதுல ஒரு சின்னப் பிசகு. சரியாப் பாத்தா அவளுக்கு ரேவதி நட்சத்திரம்."

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜாதகம் எழுதினது நீங்க. பொருத்தம் பாத்ததும் நீங்க. உத்திரட்டாதிக்குப் பத்துக்குப் பத்துன்னு சொன்னதும் நீங்க. இப்ப ரேவதின்னா அந்தப் பத்து என்ன ஆச்சு?"

சமையலறையில் இருந்து மனைவியின் குரல் வந்தது. "இவருக்கு என் பிறந்த நாளே தெரியாது. நட்சத்திரத்தை எங்க போய்க் கண்டாரு!"

இரண்டு நாள் கழித்து வானொலிச் செய்தியிலேயே சொன்னார்கள்: இந்தக் கிரகணம் இங்கே தெரியாது, வேறு கண்டத்தில்தான் தெரியும், அதுவும் நமக்குப் பொழுது சாயும் நேரத்தில். மகள் வானொலியை அணைத்துவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தோஷம் இல்லைன்னு உங்க புஸ்தகத்துலயே இருக்குல்ல?"

"இருக்கு."

"அதை அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு வரி போடுங்கப்பா. மாமா அதை வெட்டி ஒட்டிக்கிட்டு, ஒன்பதாம் தேதி பந்தலுக்கு வந்துடுவாரு."

சோசியர் அலமாரியைப் பார்த்தார். அதில் நூற்று இருபது அட்டைக்கான பணம் இருந்தது. "வரி போட்டா வாங்கினவன் எல்லாம் வாசல்ல வந்து நிப்பான்மா. அப்புறம் என்னை எவன் மதிப்பான்?"

"நான் இருக்கேன்ல மதிக்க?"

சோசியர் அலமாரியைப் பூட்டினார். அந்த ஞாயிறு வந்த அரைப்பக்கத்தில், தோல் வியாதிக்கு எந்தக் கிழமையில் மருந்து தொடங்கலாம் என்று எழுதியிருந்தார். மீதி நாற்பத்து மூன்று அட்டையும் விற்றுத் தீர்ந்தது.

மார்ச் 29, புதன்கிழமை. வெயில் தகதகவென்று அடித்தது. சோசியர் மட்டும் ஒன்பது மணிக்கே கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, விளக்கையும் அணைத்து, அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தார். வெளியே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தையல்காரர் முந்நூறு கொடுத்திருந்தார். அவர் வீட்டு ஜன்னல் இடுக்கு இந்தப் பக்கம் பார்த்திருந்தது.

ஒன்பதே காலுக்கு மகள் நல்ல புடவை கட்டி, கைப்பையோடு வந்தாள். கல்யாணத்தைப் பதிவு செய்ய இரண்டு மாதத்துக்கு முன்பே விசாவுக்காக மனுக் கொடுத்திருந்தார்கள், கையெழுத்துதான் பாக்கி.

"ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போறேன்பா. அவரு அங்க வந்துட்டாரு. இன்னைக்குக் கூட்டமே இருக்காதாம். உங்க கட்டுரையைப் படிச்சிட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறாங்களாம்."

"நில்லுடி!"

"வாங்க, தெருவுல வந்து பிடிங்க. கிரகணம் பிடிக்கிற நேரம்தானே?"

கதவைத் திறந்தாள். அறை முழுக்க வெயில் விழுந்தது. சோசியர் பாதி எழுந்தார். எதிர்வீட்டு ஜன்னல் இடுக்கைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார். ராகுவால் ஒரு மனிதன் முடங்கியதை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

மனைவி அட்டையை அவர் மடியில் இருந்து எடுத்து அடுப்பைத் துடைத்தாள். "போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரேன். சாட்சி வேணுமாம்" என்று அவளும் செருப்பைப் போட்டாள். மருந்துக்கடைக்காரர் அன்று வரவில்லை. அவரும் வீட்டுக்குள் அட்டையோடுதான் இருந்தார். அக்டோபரில் ஆறு மாதம் முடிந்த பிறகு மகனுக்கு வாழ்த்து அனுப்பினார். இருபது வருடம் வெட்டிச் சேர்த்த கோப்பையும் மூட்டை கட்டிப் பழைய காகிதக்காரனிடம் போட்டார்.

மகள் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரே கேள்வி: "அந்த வரியைப் போட்டீங்களா?" சோசியர் பதிலில் பேரப்பிள்ளைகளின் ராசி பலன் எழுதினார். அதற்கு யாரும் அட்டை வாங்கவில்லை. 2024 ஜனவரியில் வந்த கடிதம் கொஞ்சம் நீளம். அடுத்த சுழற்சி வருகிறது, இந்த முறையாவது உள்ளதை எழுதினால் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருகிறோம் என்று இருந்தது. மனைவி அதை அவருக்கு மூன்று முறை படித்துக் காட்டினாள். அவருக்கு எழுபத்தாறு வயது. காது நன்றாகவே கேட்டது.

மார்ச் 24 அன்று அரைப்பக்கம் வந்தது. தேதி மாறியிருந்தது. காலை ஒன்பதரை மாறவில்லை.

மகள் அதை அங்கே கைப்பேசியில் படித்துவிட்டுப் பதில் எழுதினாள்:

"அப்பா, படிச்சேன். இந்தத் தடவை கிரகணம் எங்க ஊர்ல, நட்ட நடுப் பகல்ல, நாலு நிமிஷம் முழுசா இருட்டும். பிள்ளைங்களோட மைதானத்துல நின்னு பாக்கப் போறோம். உங்க ஊர்ல அப்போ நடுராத்திரி தாண்டியிருக்கும். இன்னொண்ணு, பதினெட்டு வருஷத்துல சூரியன் பத்துப் பாகை தள்ளிப் போயாச்சு. இப்போ உத்திரட்டாதி இல்ல, ரேவதி. அன்னைக்கு மாமாகிட்ட சொன்னீங்களே, அதே ரேவதி. காப்பி அடிக்கிறதையாவது பாத்து அடிக்கக் கூடாதா? அம்மாவுக்கு டிக்கெட் தனியா அனுப்பறேன். உங்களுக்கு இனி எழுத மாட்டேன்."

அந்தக் கடிதம் தபாலில் வந்து சேர்ந்த தேதி: 9 ஏப்ரல் 2024, செவ்வாய்க்கிழமை.